ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் வெறும் வயிற்று மாத்திரையும்

கேள்வி:

டாக்டர், என் மனைவிக்கு 39 வயது, பள்ளி ஆசிரியை. இரண்டாவது குழந்தை பிறந்தபிறகு தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்து, ஆறு வருடமாகத் தினமும் 100 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துவந்தார். ஏழெட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டில் நடக்கும் கூட்டத்துக்குப் போகிறார். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து உணர்வுநிலை, உள்ளாற்றல், மருந்தில்லாமல் குணமாவது என்று பேசுவார்களாம். கடைசியில் நடத்துகிறவர் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கையைப் பிடித்து ஹீலிங் தருவாராம். ஐந்து வாரத்துக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டார். ‘நம்ம மூளையில பத்து சதவீதந்தான் பயன்படுத்தறோம், மீதிய எழுப்பினா உடம்பு தன்னையே பாத்துக்கும்’ என்கிறார். உண்மையைச் சொன்னால் முன்பைவிட உற்சாகமாக இருக்கிறார், நன்றாகத் தூங்குகிறார், எரிந்து விழுவதில்லை. ஆனால் நான் மாத்திரைப் பேச்சை எடுத்தாலே ‘ஏனுங்க, உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை இருக்குது’ என்று எழுந்து போய்விடுகிறார். அடுத்த மாதம் ஏற்காட்டில் மூன்று நாள் முகாம், 9,500 ரூபாய். சர்க்கரை, தைராய்டுக்கு நிரந்தரத் தீர்வு என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். இது மெஸ்மரிசமா? போகவிடாமல் தடுப்பதா? இல்லை, அவர் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா?

– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

தடுக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதிலைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் வீட்டில் பஞ்சாயத்தைக் கூட்டிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவர் போகட்டும். மாத்திரையை மட்டும் இந்த வாரமே பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன், கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மனநல மருத்துவர், தைராய்டு நிபுணர் இல்லை. ஆனால் சோர்வு, எதிலும் பிடிப்பில்லை, அழுகை அழுகையாக வருகிறது என்று யார் வந்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் எழுதிக்கொடுப்பது டிஎஸ்எச் பரிசோதனைதான் (தைராய்டை வேலை வாங்குகிற ஹார்மோனை ரத்தத்தில் அளப்பது, தைராய்டு குறைந்தால் இந்த எண் கூடும்). மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடுவதில் தைராய்டுக் குறைவை மிஞ்ச ஆள் இல்லை. அதனால் இந்த மாத்திரையோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

உங்கள் மனைவி எடுத்த மாத்திரையில் இருப்பது தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன். அதற்கு ஒரு குணம் இருக்கிறது, உங்கள் வீட்டு ஆச்சரியத்தில் பெரும் பகுதி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. தலைவலி மாத்திரை சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். உங்கள் மனைவி நிறுத்திய முதல் வாரக் கடைசியில் பாதி மிச்சம். இரண்டாம் வாரம் கால். மூன்றாம் வாரம் அரைக்கால். நாலாம் வாரம் வீசம், ஐந்தாம் வாரமான இப்போது அரை வீசம், அதாவது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. (பழைய கணக்கு வாய்ப்பாட்டுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று என் தாத்தா நினைத்திருக்க மாட்டார்.) ஆக, நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரம் ஒருவர் நன்றாக இருப்பதில் அதிசயமே இல்லை, அவர் இன்னும் பழைய மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். பெட்ரோல் போடாமல் வண்டி ஓடுகிறது என்று சந்தோஷப்படுகிறோம், டேங்கில் ரிசர்வ் இருப்பது கண்ணில் படவில்லை.

அளவையும் பாருங்கள். சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடைக்கு 96 வருகிறது. அவர் எடை அந்த அளவு என்றால், எடுத்துக்கொண்டிருந்த 100 மைக்ரோகிராம் கிட்டத்தட்ட முழுச் சாப்பாடு. பேருக்குக் கொடுத்த 25 இல்லை. அவருடைய சுரப்பி சொந்தமாகச் சுரப்பது மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டுக் கோளாறு சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பதும் உண்மை, அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்களே குறைத்து நிறுத்திப் பார்ப்பார்கள். உங்கள் மனைவி அப்படித் தானாகச் சரியாகிறவர்களில் ஒருவரா இல்லையா என்று எனக்கும் தெரியாது, ஹீலருக்கும் தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால் தெரியும்.

இனி வரப்போகிற வாரங்கள்தான் முக்கியம். காலையில் எழும்போதே அலுப்பு, மற்றவர்கள் ஃபேனைக் கூட்டச் சொல்லும்போது இவருக்கு மட்டும் குளிர், மலச்சிக்கல், சீப்பு நிறைய முடி, கண்ணுக்குக் கீழே உப்பல், மாதவிலக்கில் அதிகப் போக்கு, குரல் கரகரப்பு (ஆசிரியை என்பதால் வகுப்பில் கத்தியதால் என்று நினைத்துக்கொள்வார்). இதெல்லாம் ஒரு நாளில் வருவதில்லை, சுவரில் ஓதம் ஏறுவதுபோல ஏறும். அப்படி ஏறும்போது கூட்டத்தில் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கும். ‘ஹீலிங் கிரைசிஸ்’ என்பார்கள், கழிவு வெளியேறுகிறது என்பார்கள், இவ்வளவு நாள் அடக்கி வைத்த உணர்ச்சி மேலே வருகிறது என்பார்கள். நன்றாக இருந்தால் ஹீலிங் வேலை செய்கிறது, மோசமானால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது! எந்தப் பக்கம் விழுந்தாலும் தலை என்று சொல்கிற நாணயத்தை வைத்து யாரும் டாஸ் போட மாட்டோம் இல்லையா. நான் அந்த ஹீலரிடம் கேட்க விரும்பும் ஒரே கேள்வி, ‘என்ன நடந்தால் மாத்திரையைத் திரும்பப் போடச் சொல்வீர்கள்?’ என்பதுதான். அதற்கு நேரான பதில் வைத்திருப்பவர் என்றால் அவரோடு உட்கார்ந்து காபி சாப்பிடவும் நான் தயார்.

சரி, அப்படியானால் அந்த உற்சாகம், தூக்கம், எரிந்து விழாமல் இருப்பது எல்லாம் பொய்யா?

இல்லை. இங்கேதான் நீங்களும் ஒரு தப்புப் பண்ணுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் கூட்டத்துக்குப் போய் ஏழெட்டு மாதம், மாத்திரையை நிறுத்தி ஐந்தே வாரம். மாற்றம் எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை இருந்த காலத்திலேயே ஆரம்பித்திருந்தால், நல்லது செய்தது கூட்டம், மாத்திரை அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

2002-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்களின் ஆய்வு ஒன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் முத்துசாமி கோயில், கடுமையான மனநோய் உள்ளவர்களைக் குடும்பத்தார் அங்கே கூட்டிவந்து சில வாரம் தங்கவைப்பார்கள். அப்படித் தங்கிய 31 பேரை வந்தபோதும் கிளம்பும்போதும் பரிசோதித்தார்கள். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் சராசரியாக ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது, சில மருந்துகள் கொடுக்கும் அளவுக்கு. இத்தனைக்கும் அங்கே அவர்களுக்கென்று விசேஷப் பரிகாரம் ஒன்றும் செய்யவில்லை. கோயில் வேலைகளில் கூடமாட இருந்தார்கள், கூட ஒரு சொந்தக்காரர் இருந்தார், யாரும் விரட்டவில்லை. அந்த ஆதரவான சூழல்தான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை, அதனால் இதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியை மூடுங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் நான் இருந்த காலத்தில் ஒருவருக்கு நாலைந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். ‘தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மாத்திரை ஒழுங்கா போடறீங்களா, அடுத்த மாசம் வாங்க.’ உங்கள் மனைவிக்கு அந்த வீட்டில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், குறுக்கே பேசாமல் கேட்க பத்துப் பேர். பள்ளியில் நாற்பது பிள்ளை, வீட்டில் இரண்டு பிள்ளை, அடுப்பு. தைராய்டுக்கு மாத்திரை கிடைத்தது, கேட்கிற காது அங்கேதான் கிடைத்தது போலிருக்கிறது.

ஆனால் மனசுக்குத் தெரிகிற குணமும் உடம்புக்குள் நடக்கிற குணமும் எல்லா நேரமும் ஒன்றாகப் போவதில்லை. இதைக் காட்டுகிற ஒரு ஆய்வு அமெரிக்காவில் 2011-ல் வந்தது, ஆஸ்துமா நோயாளிகள் 39 பேர். ஒரே ஆளுக்கே வெவ்வேறு நாளில் உண்மையான இன்ஹேலர், மருந்தே இல்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், ஒரு நாள் ஒன்றுமே இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பது. எவ்வளவு தேவலை என்று கேட்டபோது உண்மை இன்ஹேலருக்கு 50 சதவீதம் முன்னேற்றம் சொன்னார்கள், போலி இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46. கிட்டத்தட்ட ஒன்றுதான்! சும்மா உட்கார்ந்த நாளுக்கு 21. பிறகு ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தால், உண்மை மருந்தில் 20 சதவீதம் கூடியிருந்தது, மற்ற மூன்றிலும் 7 சதவீதம்தான், சும்மா உட்கார்ந்ததற்கும் போலிக்கும் வித்தியாசமே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே தேவலையாக இருந்தது, மூச்சுக்குழாய் மட்டும் சுருங்கியபடியே இருந்தது. உங்கள் வீட்டில் நடப்பது இதேதான் என்று பந்தயம் கட்டமாட்டேன், ஆனால் எனக்குப் பயம் இதுதான்.

மெஸ்மரிசமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான மெஸ்மர், கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தியைச் செலுத்தி நோயைக் குணமாக்குவதாகச் சொன்ன மருத்துவர். அவருடைய கலையை 1784-லேயே பாரிஸில் அரசு நியமித்த குழு சோதித்துவிட்டது, குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இருந்தார். தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் ‘சக்தி’ ஏற்றினார்கள், ஏற்றியது மெஸ்மரின் சீடரே. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாகக் கூட்டிப்போனார்கள். நாலாவது மரத்தடியில் மயங்கி விழுந்தான், சக்தி ஏற்றிய மரம் வேறெங்கோ இருந்தது. பையன் நடிக்கவில்லை, மயக்கம் நிஜம், சக்தி மட்டும் மரத்தில் இல்லை. தலைக்கு மேல் கை வைக்கும்போது உங்கள் மனைவிக்குக் கதகதப்பாக இருந்தால் அதையும் நான் நம்புகிறேன். யாரும் அவரை வசியம் பண்ணிவிடவில்லை, இந்த வார்த்தையை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், உயர்நிலைப் பள்ளிப் பாடம் நடத்துகிற மனுஷியை ‘உன்னை மயக்கிவிட்டார்கள்’ என்றால் எப்படி இருக்கும்?

மூளையில் பத்து சதவீதம் என்பது கட்டுக்கதை. உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை உடம்பின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் சாப்பிடுகிறது, தூங்கும்போதுகூட ஓய்வதில்லை. தொண்ணூறு சதவீதத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு இப்படிச் சாப்பிட்டால் எந்த உடம்பு தாங்கும். ஆனால் உணர்வுநிலை பற்றி அவர்கள் பேசுவதை நான் இப்படித் தள்ளமாட்டேன். மூளைக்குள் ஓடும் மின்சாரத்திலிருந்து ‘நான் இருக்கிறேன்’ என்ற உணர்வு எப்படி வருகிறது என்பது இன்னும் விடை இல்லாத கேள்விதான். கிறிஸ்டாஃப் காக் என்ற நரம்பியலாளர் 25 வருடத்தில் மூளையில் அதன் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998-ல் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியரிடம் ஒயின் பந்தயம் கட்டினார், 2023-ல் தோற்றதாக ஒப்புக்கொண்டு பாட்டிலைக் கொடுத்தார். அப்பேர்ப்பட்ட கேள்வியை ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டு ஹாலில் பாய் விரித்துப் பேசுகிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம்தான், கூப்பிட்டால் நானும் போய் ஓரமாக உட்காருவேன். அந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் டிஎஸ்எச் எவ்வளவு என்ற கேள்விக்கும் விடை கிடையாது என்று ஆகிவிடாது, அவ்வளவுதான்.

மாத்திரை போட்டால் உள்ளாற்றலில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் என அவர் நினைத்தால், ரமணரை நினைவுபடுத்திப் பாருங்கள். 1949-ல் அவருடைய இடது கையில் கட்டி, புற்று. அந்த ஒரு வருடத்தில் நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது, ரேடியமும் வைத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மற்றபடி டாக்டர்கள் வந்தால் கையை நீட்டினார். 1950 ஏப்ரல் 14-ல் காலமானார். ‘நான் யார்’ என்ற விசாரணையில் அவரைவிட ஆழமாகப் போனவர்கள் ஏற்காடு முகாமில் இருப்பார்களா என்ன.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அறிவுரை வேண்டாம், இந்தப் பதிலை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டுவதும் வேண்டாம். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வந்தார், நான் லேசாகச் சிரித்தேன், கிண்டல் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. கயிறு அவரை என்னிடமிருந்து தள்ளவில்லை, நான்தான் தள்ளினேன்.

அதனால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘ஞாயித்துக்கிழமை நீ போயிட்டு வா, பசங்களை நான் பாத்துக்கறேன். போனதுல இருந்து நீ நல்லா இருக்கறது எனக்கும் தெரியுது. ஒரே ஒரு ரத்த டெஸ்ட் மட்டும் எடுத்துடலாம். நல்லா வந்துட்டா மாத்திரைப் பேச்சையே எடுக்கமாட்டேன். இல்லைன்னா டாக்டர்கிட்ட ஒருக்கா கேப்போம்.’ கடைசி வாக்குறுதியில் நீங்கள் உறுதியாக நிற்கவும் வேண்டும். ஒருவேளை எண் சரியாகவே வந்தால், வாயை மூடிக்கொள்ள வேண்டியது உங்கள் முறை. ஆனால் ஒரு தடவை பார்த்து விட்டுவிடாமல், ஆறு வாரம் கழித்து மறுபடி எடுங்கள், தைராய்டு எண் நிலைப்பட அவ்வளவு நாள் ஆகும் என்பதை முன்கூட்டியே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்எச், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் அளவு) இரண்டும் எடுத்தால் போதும், சில நூறு ரூபாய்தான், சாப்பிடாமல் போகவேண்டிய கட்டாயமும் இல்லை.

டிஎஸ்எச் எண் கூடியிருந்தால் பழைய டப்பாவை எடுத்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அளவைச் சொல்லட்டும். அப்புறம் ஒன்று, மாத்திரை போட்டும் அலுப்பாகத்தான் இருந்தது என்று அவர் சொன்னால் அது சாக்குப்போக்கு என்று நினைக்க வேண்டாம். மாத்திரையை வாயில் போட்ட கையோடு டம்ளர் காபியையும் குடித்துக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள். காபி அதை உடம்பு சரியாக உறிஞ்சவிடாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைக்கு நாலு மணி நேரம். காலை ஆறு மணிக்கு டிபன் கட்டிக்கொண்டே இதையெல்லாம் யார் பார்ப்பார்கள், ஆனால் ஆறு வருடமாக அரைகுறையாக வேலை செய்த மருந்தைப் பார்த்துத்தான் அவருக்கு வெறுத்துப் போயிருக்கலாம்.

முகாம் நோட்டீஸ் பற்றி. சர்க்கரை நோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம், மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் என்று பெயர். நீங்கள் புகார் கொடுக்கப் போக வேண்டாம், ஆனால் அங்கே வருகிற மற்றவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது. தைராக்சினை நிறுத்தினால் உடம்பு சில வாரம் அவகாசம் கொடுக்கும். சின்ன வயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலினில் இருப்பவருக்கு ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரை, பல மாதமாக எடுத்துவரும் ஸ்டீராய்டு, சில ரத்த அழுத்த மாத்திரைகள், என்னிடம் வருகிறவர்களில் சிலர் எடுக்கும், மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் இவற்றையெல்லாம் திடீரென்று நிறுத்தினால் அவகாசம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அந்த வட்டத்தில் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று உங்கள் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். ஆசிரியை, பொறுப்பானவர், தனக்காக யோசிக்காததைப் பக்கத்தில் இருப்பவருக்காக யோசிப்பார். முகாமுக்கு அவர் போவதா வேண்டாமா என்பதில் நான் தலையிடமாட்டேன், 9,500 ரூபாய் உங்கள் இருவர் பணம். கட்டணம் அடுத்தடுத்த நிலை, அதற்கு அடுத்த நிலை என்று ஏறிக்கொண்டே போனாலோ, வீட்டில் இதைப் பேசாதே என்று சொன்னாலோ எனக்கு மறுபடி எழுதுங்கள்.

முடி கொட்டுவதற்கு என்று அவர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தைராய்டு எண் தப்பாக வந்து நாம் எல்லோரும் ஏமாந்துபோவோம்.